டார்வினுலா என்று எழுதிய சீட்டு

ஆராய்ச்சியில் சேர்ந்த முதல் வருடம் நான் 41 ஸ்லைடுகளில் ஒரே பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன்: டார்வினுலா ஸ்டீவன்சோனி. ஒவ்வொன்றிலும் ஆஸ்ட்ரகோடு என்ற நீர்வாழ் சிற்றுயிரின், பொடி ரவை மணி அளவுள்ள ஓடுகள். வெள்ளையாக, நீள்வட்டமாக, ஒரு கோடோ புள்ளியோ இல்லாமல் வழவழவென்று இருக்கும். எனக்கு அந்தப் பெயரில் துளிச் சந்தேகமும் இருக்கவில்லை.

என் வழிகாட்டி மேடம் ஒரு மதியம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே கேட்டார். "இத எத வெச்சு ஸ்டீவன்சோனின்னு எழுதின?"

"வழவழன்னு இருக்கு மேடம். நீளமா, முன்பக்கம் குறுகி, பின்பக்கம் பருத்து..."

"அது டார்வினுலிடே குடும்பத்துல எல்லாத்துக்கும் பொருந்துமே. இதுல ஸ்டீவன்சோனிக்கு மட்டும் உரியது எது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியைத் துரத்திப் போனதில்தான் நான் ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். ஒரு புதைபடிவ ஓட்டுக்குப் பெயர் வைப்பது என்றால் என்ன, அந்தப் பெயர் பூமியின் காலத்தில் எவ்வளவு தூரம் நீளும் என்று எழுத வேண்டுமென்று அன்றிலிருந்தே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆஸ்ட்ரகோடு பற்றிக் கேள்விப்படாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இறால், நண்டு வகையறாவைச் சேர்ந்த உயிர். ஆனால் பார்த்தால் மட்டி போலத் தெரியும். உடம்பு முழுவதும் இரண்டு சுண்ணாம்பு மடல்களுக்குள் அடங்கியிருக்கும். முதுகுப் பக்கம் கீல், வயிற்றுப் பக்கம் திறப்பு. குளம், கிணறு, ஏரிச் சேறு, ஊற்று, கழிமுகம், ஆழ்கடல் என்று ஈரம் உள்ள இடமெல்லாம் இருக்கும். நன்னீரில் வாழ்பவை முதிர்ச்சி அடையும் முன் எட்டு முறை சட்டை உரிக்கும். உரித்த ஓடுகளெல்லாம் சேற்றில் தங்கிவிடும். ஆகவே ஒரே உயிர் வெவ்வேறு அளவில் ஒன்பது சோடி மடல்களை விட்டுச்செல்லக்கூடும். சுமார் 48 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஆர்டோவிசியன் காலம் தொட்டு இன்றுவரை இவ்வளவு தொடர்ச்சியாகப் புதைபடிவம் விட்டுவைத்த கணுக்காலிகள் வேறு இல்லை.

ஓடுகளை மட்டும் பிரித்தெடுப்பது பொறுமையான வேலை. சேற்றை ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து, 63 மைக்ரான் சல்லடையில் தண்ணீர் விட்டு அலசி, அடுப்பில் உலர்த்த வேண்டும். உலர்ந்ததைக் கறுப்புத் தட்டில் தூவி, மூன்று சைபர் பிரஷ்ஷின் நுனியை ஈரமாக்கி ஒவ்வொன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். முதல் மாதம் மூச்சு பலமாக விட்டாலே தட்டில் இருப்பது பறந்துவிடும். அதன்பின் மூச்சும் கற்றுக்கொண்டுவிடும்.

பெரும்பாலான ஆஸ்ட்ரகோடுகள் பெயர் வைப்பவருக்கு இரக்கம் காட்டும். கடல் வகைகளில் வலைப்பின்னல், முள், முகடு, குமிழ் என்று ஓடு முழுக்கச் சிற்பவேலை இருக்கும். டார்வினுலிடே குடும்பத்தில் அப்படி எதுவும் கிடையாது. வெளியே பார்த்தால் ஒன்றுமில்லை. அதனால் உள்ளே பார்க்க வேண்டும். மடலை ஒரு சொட்டுத் தண்ணீரில் நனைத்து, கீழிருந்து வெளிச்சம் விட்டால் நடுவில் சிறு தழும்புகள் தெரியும். இரண்டு மடல்களையும் இழுத்து மூடும் தசை ஒட்டியிருந்த இடம் அது. சைத்தரிட் கூட்டத்தில் நான்கு தழும்புகள் செங்குத்தாக வரிசையில் நிற்கும். சைப்ரிட் கூட்டத்தில் சில தழும்புகள் பூனைப் பாதம் பதிந்தாற்போலக் கிடக்கும். டார்வினுலிடேயில் நீண்ட தழும்புகள் மையத்தைச் சுற்றி வட்டமாக, சாமந்தி இதழ் போல விரிந்திருக்கும். முதன்முறை அந்தப் பூவைப் பார்த்தபோது நான் பக்கத்து மேசை அண்ணாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஏற்கெனவே ஆயிரம் தடவை பார்த்தவர். ஆனாலும் எழுந்து வந்து பார்த்தார்.

அந்தப் பூ இருந்தால் குடும்பம் தெரிந்துவிடும். நான் அங்கேயே நின்றுவிட்டேன். குடும்பத்தைக் கண்டுபிடித்துவிட்டு அதைச் சிற்றினம் என்று எழுதினேன்.

இந்தத் தவறை எனக்கு முன்னால் செய்தவர்கள் பலர் என்று பிறகு தெரிந்தது. ஒரு காலத்தில் எல்லோரும் இப்படித்தான் எழுதினார்கள்.

1870-ல் ஜார்ஜ் ஸ்டூவர்ட்சன் பிரேடி, டேவிட் ராபர்ட்சன் என்ற இருவர், கடலின் ஏற்றவற்றம் உட்புகும் ஆறுகளில் வாழும் ஆஸ்ட்ரகோடுகளைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். அதில் இந்த உயிருக்குப் பாலிசெலிஸ் ஸ்டீவன்சோனி என்று பெயர். ஆனால் பாலிசெலிஸ் என்ற பேரினப் பெயர் 1862-லேயே ஆழ்கடலில் வாழும் ஒரு பார்வையற்ற இறால் வகைக்குப் போய்விட்டது. விலங்கியலில் ஒரு பெயர் ஒரே பேரினத்துக்குத்தான். 1872-ல் டார்வினெல்லா என்று மாற்றினார்கள். அதையும் 1865-லேயே ஒரு கடற்பஞ்சுக்கு வைத்துவிட்டிருந்தார்கள். 1885-ல்தான் டார்வினுலா என்று நிலைத்தது. இன்றும் அந்தச் சிற்றினத்தின் பெயருக்குப் பின்னால் பிரேடி, ராபர்ட்சன், 1870 என்பதை அடைப்புக்குறிக்குள் எழுதுவார்கள். 'இவர்கள் முதலில் வேறொரு பேரினத்தில் வைத்தார்கள்' என்பதற்கு அந்த அடைப்புக்குறியே சாட்சி. எனக்கு இந்த வழக்கம் மிகவும் பிடிக்கும். பெயர் எத்தனை வீடு மாறினாலும் பிறந்த வருடம் கூடவே வரும்.

சார்லஸ் டார்வினின் பெயர் இதற்கு வந்தது பொருத்தமும்தான். அவரும் ஓட்டுக்குள் ஒளிந்திருக்கும் கணுக்காலிகளோடு மல்லாடியவர். கொட்டலசு எனப்படும் பார்னக்கிள்களை வகைப்படுத்துவதில் 1846 முதல் 1854 வரை எட்டு வருடம் செலவழித்தார்.

பெயர் நிலைத்த பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. உலகெங்கும் நன்னீர்ப் படிவுகளில் வழவழப்பான, நீள்வட்டமான ஓடு கிடைத்தபோதெல்லாம் அது டார்வினுலா ஆயிற்று. எங்கள் வீட்டில் எந்த அலமாரியிலும் சேராததைப் பரணில் ஏற்றிவிடுவார்கள். டார்வினுலா அப்படி ஒரு பரணாக இருந்தது. டைனோசர்களுக்கும் முந்தைய, ரஷ்யாவின் பெர்மியன் காலச் செம்பாறைகளிலிருந்து டார்வினுலா. ஐரோப்பாவின் ட்ரையாசிக், ஜுராசிக்கிலிருந்து டார்வினுலா. சீனத்தின் கிரெட்டேசியஸ் ஏரிகளிலிருந்து டார்வினுலா. நம் நாட்டிலும் உண்டு: பிராணஹிதா–கோதாவரிப் படுகையின் கோட்டா சுண்ணாம்புப் பாறையிலும், தக்காண எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக வழிந்தபோது இடையிடையே தேங்கிய சுமார் 6.6 கோடி ஆண்டுப் பழைய ஏரிகளின் படிவிலும் இந்தப் பெயரோடு ஓடுகள் பதிவாகியிருக்கின்றன.

பழைய பாடநூல்களில் புவிக்கால அட்டவணை ஒன்று இருக்கும். ஒவ்வொரு பேரினத்துக்கும் ஒரு செங்குத்துக் கோடு. தோன்றிய காலத்தில் தொடங்கி, அழிந்த காலத்தில் முடியும். டார்வினுலாவின் கோடு, பெர்மியனும் அடங்கிய தொல்லுயிர் ஊழியில் கிளம்பி, இடையில் எங்கும் நிற்காமல் இன்றுவரை வரும். பெர்மியன் முடிவில் கடல்வாழ் இனங்களில் பெரும்பாலானவை அழிந்த பேரழிவையும், டைனோசர்கள் போன பேரழிவையும் அந்தக் கோடு தாண்டி வரும். முதலில் பார்த்தபோது மெய்சிலிர்த்தேன். 25 கோடி வருடத்துக்கு மேல் மாறாத பேரினம்!

இப்போது அந்தக் கோட்டைப் பார்த்தால், அதில் பாதி உயிரின் கோடு, மீதி சீட்டின் கோடு என்றுதான் படுகிறது. ஒரே பெயரை எழுதிக்கொண்டே போனால் ஒரே கோடு வரத்தானே செய்யும்? ரஷ்யாவின் பெர்மியன் ஓடுகளைத் தசைத் தழும்பு, மடல் மேற்பொருந்தும் விதம், கீலின் அமைப்பு என்று மறுபடி உட்கார்ந்து பார்த்தவர்கள் அவற்றைப் பேலியோடார்வினுலா, சுகோனெல்லினா முதலிய வேறு பேரினங்களுக்கு மாற்றினார்கள். அந்த நீண்ட ஒற்றைக் கோடு பல சிறு கோடுகளாக உடைந்தது. அவற்றுள் பல பெர்மியனோடும் ட்ரையாசிக்கோடும் முடிந்துவிடுகின்றன. இன்றுவரை வந்தது இந்தக் கூட்டத்தின் ஒரு கிளைதான்.

உயிரோடிருப்பவற்றுக்கும் இதே மறுபரிசீலனை 1998-ல் நடந்தது. ஜியாம்பாவ்லோ ரொசெட்டியும் கோன் மார்டென்ஸும் இன்றைய டார்வினுலிடேயை ஐந்து பேரினங்களாகப் பிரித்தார்கள்: டார்வினுலா, மைக்ரோடார்வினுலா, அலிசெனுலா, வெஸ்டலெனுலா, பெந்தெசிலெனுலா. எந்த மடல் எதன்மேல் பொருந்துகிறது, மடலின் உள்விளிம்பில் சிறு பல் உண்டா, அடிவிளிம்பில் முகடு உண்டா, தழும்புப் பூ எந்த இடத்தில் இருக்கிறது என்பவற்றோடு, மென்னுடலின் மயிர்களையும் எண்ணித்தான் பிரித்தார்கள். 2011-ல் இந்தியப் பெருங்கடலின் கிறிஸ்துமஸ் தீவிலிருந்து கிடைத்தவற்றைக் கொண்டு இசபெனுலா என்ற பேரினமும் சேர்ந்தது.

பெயர்களைக் கவனியுங்கள். வெஸ்டலெனுலா, ரோமின் வெஸ்டா கோயில் கன்னிப் பூசாரிணிகளை நினைத்து வைத்தது. பெந்தெசிலெனுலா, கிரேக்கக் கதையில் அமேசான் பெண்வீரர்களின் அரசியான பெந்தெசிலியாவை நினைத்து வைத்தது. இந்தக் குடும்பத்தில் ஆண் கிடையாது என்பதுதான் காரணம். தாய் முட்டையிடும், கருவுறாத முட்டையிலிருந்து மகள் பிறக்கும், மகளுக்கு மகள். தாய் தன் ஓட்டின் பின்பகுதியிலேயே முட்டைகளையும் குஞ்சுகளையும் வைத்துக் காக்கும். ஸ்டீவன்சோனியை மேலிருந்து பார்த்தால் பின்பக்கம் பருத்துத் தெரிவது அந்த அறைக்காகத்தான். நான் மேடத்திடம் 'பின்பக்கம் பருத்து' என்று சொன்னபோது அது தாய்மையின் அளவு என்று எனக்குத் தெரியாது.

பாறையிலிருந்து ஆண் இருந்தானா இல்லையா என்று எப்படிச் சொல்வது? முதிர்ந்த மடல்களின் நீளத்தையும் உயரத்தையும் அளந்து வரைபடத்தில் புள்ளி வைப்பார்கள். ஆணும் பெண்ணும் வேறு வேறு உருவம் கொண்ட இனமென்றால் புள்ளிகள் இரண்டு திரளாகப் பிரியும். ஒரு திரளில் குஞ்சறைப் புடைப்பு இருக்கும், மற்றதில் இருக்காது. தொல்லுயிர் ஊழியின் டார்வினுலா வகையறாவில் இந்த இரட்டைத் திரள் சிலவற்றில் தெரிகிறது. அப்போது ஆண்கள் இருந்திருக்கிறார்கள். பிற்காலப் படிவுகளில் 'ஆண்' என்று எழுதப்பட்ட ஓடுகளை மார்டென்ஸ், ரொசெட்டி, டேவிட் ஹார்ன் மூவரும் மறுபடி ஆராய்ந்து 2003-ல் எழுதினார்கள்: சுமார் 20 கோடி ஆண்டுகளாக இந்தக் குடும்பத்தில் ஆணுக்கு நம்பத்தக்க சான்று இல்லை.

பரிணாமக் கோட்பாட்டுக்கு இது சங்கடமான செய்தி. ஆணும் பெண்ணும் சேர்ந்து மரபணுக்களைக் கலைத்துப் போடாவிட்டால் கெட்ட மாற்றங்கள் தலைமுறைக்குத் தலைமுறை சேர்ந்துகொண்டே போகும். புதிய சூழலுக்கு ஈடுகொடுக்க முடியாது. ஆகவே கலவியற்ற இனங்கள் சீக்கிரமே அழியும் என்பது எதிர்பார்ப்பு. 20 கோடி ஆண்டு நிற்பவற்றை உயிரியலாளர்கள் 'தொன்மைக் கலவியிலா முறைகேடுகள்' என்றே அழைத்தார்கள். ஸ்டீவன்சோனியின் மரபணுவில் 1998-ல் பார்த்தபோது, தூரதேசத்து மாதிரிகளிடையேகூட எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்த வேறுபாடுதான் இருந்தது. நீந்தத் தெரியாது, ஊர்ந்துதான் போகும். வறட்சியைத் தாங்கும் முட்டையும் கிடையாது. அப்படியும் கண்டம் கண்டமாகப் பரவியிருக்கிறது. உவர்ப்பையும் வெப்ப மாற்றத்தையும் ஆச்சரியப்படும் அளவுக்குப் பொறுத்துக்கொள்கிறது. அந்த உடம்புக்கு எல்லா இடமும் ஒத்துப்போகிறது.

இங்கேதான் என் 41 ஸ்லைடுகள் என்னை உறுத்தத் தொடங்கின. மேடம் கேட்ட ஆறு வாரத்துக்குப் பிறகு எஸ்.ஈ.எம். எனப்படும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நேரம் கிடைத்தது. பன்னிரண்டு ஓடுகளைப் பொற்பூச்சு கொடுத்து, சிலவற்றை வயிற்றுப்புறம் மேலே தெரியும்படி ஒட்டியிருந்தேன். திரையில் மூன்றாவது ஓடு வந்தது. அடிவிளிம்பில், பின்புறமாக, நகக்கீறல் போல ஒரு சிறு முகடு. நான்காவதிலும் அதே. ஐந்தாவதிலும். அது வெஸ்டலெனுலாவின் அடையாளம். பக்கவாட்டில் படுக்கவைத்தே பார்த்துவந்ததால் அத்தனை மாதிரிகளில் ஒருமுறைகூட நான் அந்த முகட்டைப் பார்த்திருக்கவில்லை. ரப்பரை வைத்துக்கொண்டு 41 ஸ்லைடையும் மறுபடி பார்த்து, பொருந்தாதவற்றில் பெயரை அழித்தேன். ஒன்பதில் மட்டும் ஸ்டீவன்சோனி மிஞ்சியது.

ஒரு பெயர்தானே என்று தோன்றலாம். ஆனால் நான் அந்தப் பெயரை வைத்து, ஓடுகள் கிடைத்த ஏரியின் பழைய உவர்ப்பைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். எங்கும் வாழக்கூடியது என்று அறியப்பட்ட உயிருக்கும், பெரும்பாலும் வெப்பமான நிலங்களில் ஊற்று, ஓடைக்கரை போன்ற இடங்களில் கிடைக்கும் உயிருக்கும் பொருள் வேறு. அந்தப் பத்தி முழுவதும் போயிற்று. ஐரோப்பாவில் இதன் பெரிய வடிவம் உண்டு. தென் ஜெர்மனியின் மயோசீன் காலப் (சுமார் 2.3 கோடி முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்) படிவிலிருந்து 1952-ல் டார்வினுலா சிலிண்ட்ரிகா என்று விவரிக்கப்பட்ட ஓடு இப்போது வெஸ்டலெனுலா சிலிண்ட்ரிகா. மயோசீன், ப்ளியோசீன் ஐரோப்பாவில் வெஸ்டலெனுலா பல இடங்களில் இருந்தது. இன்று அந்தக் கண்டத்தில் அதை உயிரோடு காண்பது அரிது. எல்லாவற்றையும் டார்வினுலா என்று எழுதியிருந்த நாளில் இந்த இழப்பு அட்டவணையில் தெரியவே இல்லை. வெப்பமான ஐரோப்பா குளிர்ந்துபோன கதையில் இந்த ஓட்டுக்கும் ஓர் இடம் உண்டு; சீட்டைத் திருத்திய பிறகே அது கண்ணில் பட்டது.

ஸ்டீவன்சோனியையே எடுத்துக்கொண்டாலும், அதன் கோடு சுமார் 2.5 கோடி ஆண்டு பின்னால் போகும் என்கிறார்கள். அந்தக் காலத்து ஓட்டையும் இன்றைய ஓட்டையும் பக்கத்தில் வைத்தால் பிரிக்க முடியவில்லை என்பதே ஆதாரம். இதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஒன்றோடொன்று கூடி இனம் பெருக்குபவை ஒரே சிற்றினம் என்பது பள்ளியில் படித்த வரையறை. கூடவே கூடாத உயிரில் அது எப்படிச் செல்லும்? ஒவ்வொரு தாய்வழியும் தனித்தனிக் கயிறு. அவற்றை ஒரு கட்டாகக் கட்டி ஒரு பெயர் வைப்பது நம் கை. பெந்தெசிலெனுலா பிரேசிலியென்சிஸ் என்ற ஒற்றைப் பெயருக்குள் ஓட்டால் பிரித்தறிய முடியாத பல சிற்றினங்கள் மறைந்திருப்பதை 2012-ல் மரபணு காட்டியது. உயிரோடிருப்பதிலேயே இப்படியென்றால், மரபணு மிஞ்சாத பாறையில் ஓடு ஒத்திருப்பதை மட்டும் வைத்து அதே சிற்றினம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 'ஒப்பிடுக' என்று பொருள்படும் குறியைப் பேரினத்துக்கும் சிற்றினத்துக்கும் நடுவில் போடுகிறேன். சிலர் இதைக் கோழைத்தனம் என்பார்கள். எனக்கு அது நேர்மை.

இன்னொரு செய்தியும் உண்டு. 2006-ல் ஜப்பானின் யாகுஷிமா தீவிலிருந்து ராபின் ஸ்மித், டகாஹிரோ காமியா, டேவிட் ஹார்ன் மூவரும் வெஸ்டலெனுலா கார்னீலியா என்ற சிற்றினத்தை விவரித்தார்கள். அதில் மூன்று ஆண்கள் இருந்தன. உயிரோடு பிடிபட்டவை. 20 கோடி ஆண்டாக இல்லை என்றிருந்த ஆண், மூன்று பேராக வந்து நின்றது. அவை உண்மையில் இனப்பெருக்கத்தில் பங்குகொள்கின்றனவா, இல்லை எப்போதோ தலைகாட்டும் பழைய உருவத்தின் மிச்சமா என்று அதன்பின் எழுந்த வாதத்தில், பயனற்ற மிச்சமாக இருக்கலாம் என்று சொன்னவர்களும் உண்டு.

நான் அந்தக் கட்டுரையை மூன்று முறை படித்தேன். அதை எழுதியவர்களில் ஹார்ன் 2003-ல் 'சான்று இல்லை' என்று எழுதிய மூவரில் ஒருவர். தன் முடிவுக்கு எதிராக நிற்கக்கூடிய உயிரைத் தானே விவரித்து வெளியிட்டிருக்கிறார். இந்தத் துறையை நான் விட்டுப் போகாததற்கு அதுவும் ஒரு காரணம்.

படித்த பிறகு என் வரைபடங்களை வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். ஆண் அத்தனை அரிது என்றால், நூறு மடல் அளந்து 'ஒரே திரள், ஆகவே ஆண் இல்லை' என்று எழுதுவது எவ்வளவு தாங்கும்? ஒரு படிவில் எத்தனை மடல் எண்ணினால் 'இல்லை' என்று சொல்லலாம்? சேற்றில் இருந்தும் என் பிரஷ்ஷுக்கு அகப்படாமல் போனவை எத்தனை? அதனால் இப்போது, ஏரியடிச் சேற்றில் குழாய் இறக்கி எடுத்த கோரிலிருந்து வரும் முதிர்ந்த வெஸ்டலெனுலா மடல் ஒவ்வொன்றையும் அளக்கிறேன். இடது தனி, வலது தனி. வழக்கமாக ஒரு மாதிரிக்கு முந்நூறு எடுத்ததும் நிறுத்திவிடுவோம். நான் தட்டு காலியாகும்வரை எடுக்கிறேன். மேடம் பார்த்துவிட்டு, "இது எப்ப முடியும்மா?" என்று மட்டும் கேட்டார். நிறுத்தச் சொல்லவில்லை.

போன வாரம் வரைபடத்தில் இரண்டு புள்ளிகள் திரளுக்கு வெளியே விழுந்தன. முதிர்ந்தவற்றின் திரளைவிடக் குட்டை. கடைசிக்கு முந்தைய சட்டையின் திரளைவிட நெட்டை. ஒன்றின் முன்விளிம்பு உடைந்திருக்கிறது. அதன் அளவை நம்ப முடியாது. மற்றது முழு மடல். நனைத்துப் பார்த்தேன், பூ இருக்கிறது. வயிற்றுப்புறம் திருப்பினேன், முகடும் இருக்கிறது.

அதைத் தனி ஸ்லைடில் வைத்து, சீட்டில் பென்சிலால் வெஸ்டலெனுலா என்று எழுதினேன். சிற்றினத்துக்கு ஒரு வரியும், ஆணா பெண்ணா என்பதற்கு ஒரு வரியும் காலியாக விட்டிருக்கிறேன். அடுத்த எஸ்.ஈ.எம். முறை வியாழக்கிழமை.